திருந்திய வில்லன்களின் மன்னிப்புப் பத்திரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் நடுப்பக்கத்தில் வந்துகொண்டிருக்கும் படக்கதை பற்றியது இக்கடிதம். பூமியில் அட்டகாசம் செய்த நான்கு சூப்பர் வில்லன்கள் (மனம் வாசிக்கும் பெண், கல்லுடம்பன், உருமாறுபவன், மின்சாரக்காரி) மனம் திருந்துகிறார்கள். வேற்றுக் கோள் ஒன்றுக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள ஆட்சிச் சதிக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். இப்படியொரு கதையை மொழிபெயர்க்காமல் தமிழிலேயே எழுதி, இங்கேயே வரைந்து தருவது சின்னக் காரியமல்ல. ஆனால் ஏழாம் வாரத்திலேயே கதைக்கு மூச்சு வாங்குகிறது. வில்லன்கள் திருந்திவிட்டார்கள் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். சதிகாரர் யார் என்பதை மனம் வாசிக்கும் பெண் முதல் சந்திப்பிலேயே கண்டுபிடித்துவிட்டாள். மிச்சத்தைக் கல்லுடம்பன் கைமுட்டியால் முடித்துவிட்டான். எட்டாம் வாரத்துக்கு என்ன மீதி? எங்கே பழுது, எதைக் கழற்றி எதைப் பூட்டினால் மறுபடி ஓடும் என்பதை எழுதுபவரும் வரைபவரும் பயன்படுத்தக்கூடிய அளவுக்கு விரிவாகவே சொல்கிறோம். நீளத்தைப் பொறுத்தருள்க.

திருந்திய வில்லன் தமிழ் வாசகருக்குப் புதியவரல்ல. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழிலேயே வந்தவர் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரித்தானியாவின் வேலியன்ட் வார இதழில் அவர் முதன்முதலாகத் தோன்றியபோது குற்றவாளியாகத்தான் இருந்தார். உளவுப் படையில் சேர்ந்து நல்லவரானது பிறகு. லயன் காமிக்ஸ் நமக்குத் தந்த பிரித்தானியக் கதாபாத்திரமான ஸ்பைடரும் அப்படித்தான். 1965இல் குற்றவுலகுக்கே சக்கரவர்த்தியாகப் போகிறேன் என்று கிளம்பியவர், பின்னர் குற்றவாளிகளை வேட்டையாடத் தொடங்கினார். இருவரும் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால்தான் உடல் மறையும். அப்போதும் இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். வல்லமைக்கு ஒரு விலை, ஒரு தடயம். ஸ்பைடர் திருந்தினாலும் அவருடைய செருக்கு திருந்தவில்லை. உங்கள் நால்வரிடமோ விலையும் இல்லை, பழைய குணத்தின் மிச்சமும் இல்லை.

இன்னும் பின்னால் போனால் கம்பராமாயணத்தில் விபீடணன் அடைக்கலப் படலம் இருக்கிறது. எதிரிப் பாசறையிலிருந்து வந்தவனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இராமன் ஒவ்வொருவராகக் கேட்கிறான். சுக்கிரீவன் வேண்டாம் என்கிறான். சாம்பவானும் நீலனும் அதையே சொல்கிறார்கள். அனுமன்தான் சேர்க்கலாம் என்கிறான். சேர்த்த பிறகு விபீடணன் சும்மா இருக்கவில்லை. இலங்கையின் காவலும் படையும் எவ்வளவு என்று விரிவாகச் சொல்கிறான். போர் தொடங்குமுன்பே இலங்கை ஆட்சி அவனுக்கு வாக்களிக்கப்படுகிறது. ஆக, பக்கம் மாறி வருபவனுக்கு மூன்று கணக்கு எழுத வேண்டியிருக்கிறது: எதை விட்டு வந்தான், எதைக் கொண்டு வந்தான், எதை வாங்கிக்கொள்ளப் போகிறான். அறத்தின் பக்கம் நின்றவன் என்று ஒருசாராரும் காட்டிக்கொடுத்தவன் என்று இன்னொருசாராரும் அவனை இன்றுவரை பேசுகிறார்கள் என்றால், மூன்று கணக்கும் எல்லோர் கண்முன்னும் திறந்து கிடப்பதால்தான். கந்தபுராணமோ சூரனை அழித்ததோடு விடவில்லை. மயிலாக்கி வாகனமாகவும் சேவலாக்கிக் கொடியாகவும் வைத்துக்கொண்டது. திருந்தியவனுக்கு வேலை கொடுத்து, கண்ணெதிரே வைத்துக்கொள்வது பழைய யுக்தி. உங்கள் கதையில் நால்வருக்கும் வேலை எதுவும் கிடையாது. அந்தக் கோளின் ஆட்சிச் சபை மண்டபத்தின் மாடத்தில் அங்கி பறக்க நிற்பதை வேலை என்று சொல்ல முடியாது.

பெரிய ஓட்டை மன்னிப்பில் இருக்கிறது. இரண்டாம் வாரத்தில் பூமியின் அரசு ஒரே ஒரு பேச்சுப் பலூனில் ‘உங்களை மன்னித்துவிட்டோம்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறது. வாயால் சொன்ன மன்னிப்பைத் திருட முடியாது, திருத்த முடியாது, ஒளித்து வைக்க முடியாது, போலி செய்ய முடியாது. பத்திரமாக எழுதிவிட்டால் இத்தனையும் செய்யலாம். ஆகவே பத்திரத்தை ஒரு தடவை முழுதாக எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். ஒரு பக்கம் போதும். யார் வழங்கியது என்பதில் ஆளின் பெயரை விட்டுப் பதவியின் பெயரைப் போடுங்கள், பதவியில் ஆள் மாறலாம். எந்தெந்தக் குற்றங்களுக்கு என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். பட்டியலில் இல்லாத அந்தக் குற்றத்தை யாரோ தோண்டி எடுப்பது ஒரு வாரத்துக்குத் தாங்கும். நிபந்தனைகள் மூன்றுக்கு மேல் வேண்டாம், வாசகர் நினைவில் நிற்காது. சபை மண்டபத்துக்கு 100 மீற்றருக்குள் வல்லமையைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஒன்று. நம்மூரில் பிணையில் வந்தவர் ஞாயிறுதோறும் பொலிஸ் நிலையம் போய்க் கையெழுத்து வைக்கிறாரே, அந்த விதி இன்னொன்று. நால்வரில் ஒருவர் மீறினாலும் நால்வருக்கும் பத்திரம் செல்லாது என்பது மூன்றாவது. நட்பைச் சோதிக்க இதைவிட நல்ல கயிறு கிடையாது. கடைசியாக, பத்திரத்தை யார், எத்தனை வாக்கால் இரத்துச் செய்யலாம் என்பதும், மூலப்பிரதி யார் கையில் இருக்கிறது என்பதும்.

எவ்வளவு காலத்துக்கு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், அதில்தான் கோள் உங்களுக்குக் கை கொடுக்கிறது. கதையில் வரும் உலகம் புரொக்சிமா சென்டோரியைச் சுற்றுகிறது; அது சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன், தூரம் 4.24 ஒளியாண்டு. அதற்கு ஒரு கோள் உண்டென்று 2016இல் அறிவித்தார்கள். அது ஒரு சுற்றுச் சுற்ற 11.2 நாள். அந்த உண்மைக் கோளின் திணிவு குறைந்தது பூமியளவு. உங்கள் முதல் வாரக் குறிப்போ கதையின் கோளைச் செவ்வாயளவு சிறியது என்கிறது. கற்பனைக்கு அது தடையில்லை. ஒரே பாதையில் இரண்டு கோளை ஓட்ட முடியாது என்பதால் உண்மைக் கோளை மறந்துவிட்டு, அதன் 11.2 நாளை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது பத்திரத்தில் ‘ஐந்து ஆண்டுகளுக்கு’ என்று எழுதுங்கள். யாருடைய ஆண்டு? பூமியின் கணக்கில் ஐந்து வருடம். அந்தக் கோளின் கணக்கில் 56 நாள். ஒரு சட்டத்தரணி ஒன்றைச் சொல்வார், எதிர்த்தரப்பு மற்றதைச் சொல்லும். சண்டைக் காட்சி இல்லாமலே மூன்று வாரம் ஓட்டலாம்.

செய்தி போகும் வேகத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஆறாம் வாரத்தில் பூமியின் தலைவர் திரையில் தோன்றிக் கேள்விக்கு உடனே பதில் சொல்கிறார். ஒளி வேகத்தில் போகும் வானொலிச் செய்தி அங்கே சேர 4 வருடம் 3 மாதம் பிடிக்கும். கேட்டுப் பதில் வாங்க எட்டரை வருடம். வொயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில் ஆள் போவதென்றால் 70,000 வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே கப்பலுக்கு ஒரு கற்பனை இயந்திரம் கொடுத்தே ஆக வேண்டும், அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. கப்பல் ஒளியை முந்தும் என்றால் கடிதமும் கப்பலில்தான் வரும்; அப்போது தபால் பையைத் திறப்பவர் பெரிய ஆள். முந்தாது என்றால், மன்னிப்பு வழங்கிய அரசு பூமியில் எப்போதோ கவிழ்ந்திருக்கலாம், கோளில் ஒருவருக்கும் தெரியாது. அந்தச் செய்தியை முதலில் கேட்கப்போகிறவர் அன்டெனா அறையில் இரவு வேலை பார்க்கும் சாதாரண ஊழியர். புரொக்சிமா அடிக்கடி பெரும் சுவாலை வீசும் விண்மீன் என்பதும் உண்மை. சுவாலை வீசும் நேரத்தில் வானொலி கெடும். செய்தி பாதியில் அறுந்தது என்று ஊழியர் சொன்னால், அது விண்மீனின் வேலையா அவருடைய வேலையா என்று யாரால் நிரூபிக்க முடியும்?

விண்மீனுக்கு இவ்வளவு நெருங்கிச் சுற்றும் கோள், நிலா நமக்குக் காட்டுவது போல, ஒரே முகத்தையே விண்மீனுக்குக் காட்டியபடி இருக்க வாய்ப்பு அதிகம். கதையும் பகல்பக்கம், இருள்பக்கம் என்று பேசுகிறது. பிறகு எப்படி மூன்றாம் வாரத்தில் சூரியன் உதிக்கிறது? அங்கே உதயமும் இல்லை, அஸ்தமனமும் இல்லை. நாளைப் பிரித்துச் சொல்ல மனிதர் வைத்த மணி ஒன்றுதான் வழி. தேயிலைத் தோட்டங்களில் தப்படித்தும் பின்னர் சங்கு ஊதியும் பெரட்டுக்கு (வேலை தொடங்குமுன் தொழிலாளரைக் கூட்டி எண்ணுவது) ஆளெடுத்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். வானத்தில் நேரம் தெரியாத உலகத்தில் சங்கு ஊதுகிறவர் கையில்தான் நேரம். அவர் இருபது நிமிடம் பிந்தி ஊதினால், வாக்கெடுப்புக்கு வரவேண்டிய உறுப்பினர் கதவடைத்த பிறகு வந்து நிற்பார்.

அரசியலும் இந்த நிலவமைப்பிலிருந்தே வர வேண்டும். பகல்பக்கத்தில் ஒளி உண்டு, ஆகவே மின்சாரம் உண்டு; தண்ணீர் இல்லை. தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போய் இருள்பக்கத்தில் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. நடுவில் அந்திப்பட்டி, குடியிருக்கத் தோதான இடம் அது, வேலையாட்களும் அங்கேதான். மூன்று பக்கத்தாருக்கும் மற்ற இருவரிடமும் தேவை இருக்கிறது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்மின் நீர்த்தேக்கங்கள் நிரம்பியபோது யார் வீட்டுக்கு முதலில் மின்வெளிச்சம் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்த வாசகர்களுக்கு இந்த அரசியலைப் பாடமாக விளக்க வேண்டியதில்லை.

சபையில் எத்தனை ஆசனம் என்று கதை இதுவரை சொல்லவேயில்லை. எண்ணிக்கை தெரியாத சபையில் சதி செய்ய இடமில்லை. நாங்கள் போட்டுப் பார்த்த கணக்கு இது: மொத்தம் 31. பகல்பக்கம் 13, இருள்பக்கம் 11, அந்திப்பட்டி 7. சாதாரண பெரும்பான்மைக்கு 16 வேண்டும். தனியாக எவராலும் முடியாது, எந்த இருவர் சேர்ந்தாலும் முடியும். ஏழே ஏழு பேரை வைத்திருக்கும் அந்திப்பட்டிக்கும் பதின்மூன்று பேரை வைத்திருக்கும் பகல்பக்கத்துக்கும் பேரம் பேசும் பலம் ஒன்றுதான். இப்போது மன்னிப்புப் பத்திரத்தை இரத்துச் செய்ய மூன்றில் இரண்டு என்று வைத்தால் 21 தேவை. பகலும் அந்தியும் சேர்ந்தால் 20. ஒன்று குறைகிறது! அந்த ஒரு வாக்கை இருள்பக்கத்திலிருந்து இழுக்க வேண்டும். யாரை, எதைக் கொடுத்து, எப்போது என்பதே கதை. 225 பேர் பாராளுமன்றத்தில் 150ஐத் தொடுவதற்கு என்னவெல்லாம் நடக்கும் என்று நம்மூரில் செய்தி வாசிப்பவர்கள் இதை ஒரே பார்வையில் பிடித்துக்கொள்வார்கள். சபாநாயகர் எந்தப் பக்கத்தவர், அவருக்கு வாக்கு சமநிலையில் மட்டுமா எப்போதுமா என்பதையும் எழுதி வையுங்கள். அவர் பகல்பக்கத்தவர், சமநிலையில் மட்டுமே வாக்கு என்றால் அவர்களின் 13 பன்னிரண்டாகிவிடும்; அதைப் பிறகு கவனித்தால் கணக்கு முழுதும் சரியும்.

ஆசனத்துக்கு முன்னால் வாக்காளர் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தில் வந்த திருத்தமும் அந்தத் தொழிலாளரின் குடியுரிமையையும் வாக்கையும் பறிக்கப் போதுமானதாயின. 1952இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. எந்தச் சூப்பர் வில்லனும் இவ்வளவு சிக்கனமாக வேலை முடித்ததில்லை. உங்கள் கதையில் பனிக்கட்டி வெட்டும் தொழிலாளர் எங்கிருந்தோ தருவிக்கப்பட்டவர்கள் என்று நாலாம் வாரத்தில் ஒரு வரி வருகிறது, பிறகு காணாமல் போகிறது. அவர்களுடைய பெயர் பட்டியலில் உண்டா இல்லையா? இருள்பக்கத்தின் 11 ஆசனமும் அவர்களை எண்ணித்தான் வந்ததென்றால், பட்டியலில் கை வைப்பவர் ஒரு வாக்கையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஆசனமே குறைந்துவிடும்.

வல்லமைகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பொதுவிதி: எதிரியை வீழ்த்தும் வல்லமை அரசியல் கதைக்குத் தீங்கு செய்யாது, இரகசியத்தை உடைக்கும் வல்லமை கதையையே கொன்றுவிடும். மனம் வாசிப்பவளை அப்படியே விட்டால் சதி இரண்டு படக்கட்டத்தில் முடியும். தூரத்தைக் குறைக்கலாம், மூன்று மீற்றருக்குள் மட்டும் என்று. ஆனால் அது பாதி மருந்துதான். கைகுலுக்கும் நேரம் போதுமே. வேற்றுமொழியில் நினைப்பவரை அவளால் வாசிக்க முடியாது என்பதும் கொஞ்ச நாள்தான், மொழி கற்றுக்கொள்வாள். நிற்கக்கூடிய மருந்து சபையை நடத்தும் விதியான நிலையியற் கட்டளையில் இருக்கிறது: மனம் வாசித்து அறிந்ததைச் சாட்சியாக ஏற்கக் கூடாது, சொன்னவர் மீதே உரிமை மீறல் வழக்கு வரும். அவளுக்கு எல்லாம் தெரியும், எதையும் சபையில் சொல்ல முடியாது. ஏழு வாரமாக வாயாடியாக வரும் பாத்திரம் அத்தோடு ஆழம் பெறும்.

கல்லுடம்பனுக்குக் கணக்குப் போடுங்கள். 70 கிலோ மனிதரின் கன அளவில் கருங்கல் 190 கிலோ வரும். செவ்வாயளவு கோளில் ஈர்ப்பு பூமியினதில் 38 வீதம். வில் தராசில் நின்றால் பூமியில் 72 கிலோ ஆள் நிற்பது போலக் காட்டும். நிறை குறைந்ததே தவிரத் திணிவு அதே 190. ஓட ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, தரையில் உராய்வு போதாது. மூலையில் திரும்பும்போது சுவரோடு போவான். உங்கள் ஓவியர் அவனைச் சில கட்டங்களில் ஒன்றரை மடங்கு உயரமாக வரைகிறார். உயரம் ஒன்றரை மடங்கானால் திணிவு மூன்று மடங்குக்கும் மேல், 640 கிலோ. மரத்தளம் போட்ட சபை மண்டபத்துக்குள் அவனை அழைத்து வருமுன் அதை யோசிக்க வேண்டும்.

உருமாறுபவனைப் பிடிக்க வாசலில் ஒரு தராசு போதும். உருவம் மாறினாலும் திணிவு மாறாது என்று விதி வைத்தால், ஒல்லியான அமைச்சரின் உருவில் வந்த தடியன் முள்ளில் மாட்டுவான். தராசடியில் நிற்கும் கணக்கப்பிள்ளை தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கழிவு என்று ஓரிரு கிலோ வெட்டுவதை அறியாத தோட்டம் உண்டா? அந்தக் கணக்கப்பிள்ளையைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். கையூட்டு வாங்கிக்கொண்டு எட்டுக் கிலோவைக் குறைத்து எழுதுகிறவர் அவர்தான்.

மின்சாரக்காரியின் வல்லமை உணவிலிருந்து வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் 2,400 கிலோகலோரியை அப்படியே மின்சாரமாக்கினாலும் 3 அலகு தேறாது. ஒரு 100 வாட் குமிழை ஒரு நாள் எரிக்கலாம், நகரத்துக்கு ஒளி கொடுக்க முடியாது. விண்மீனின் சுவாலையிலிருந்து உடலில் ஏற்றிக்கொள்கிறாள் என்று மாற்றுங்கள். பகல்பக்கத்தில் ஏற்றி, இருள்பக்கத்தில் இறக்கலாம். உடனே அவளுக்கு ஒரு வேலையும் வந்துவிடுகிறது, அதுவும் கள்ள வேலை: இருள்பக்கத்துக்கு வெளிச்சம் கடத்துவது. மின்சாரத்தைத் தனியுரிமையாக வைத்திருக்கும் பகல்பக்கம் மன்னிப்பை இரத்துச் செய்யத் துடிப்பதற்குக் காரணமும் கிடைக்கிறது. திருந்தியவள் நல்லது செய்யப் போய்ச் சட்டத்தை மீறுகிறாள். மூன்றாவது நிபந்தனை மற்ற மூவரின் கழுத்தையும் பிடிக்கிறது.

ஏழு வாரத்தை அழித்துவிட்டுத் தொடங்கச் சொல்லவில்லை. இதுவரை வந்த பிழைகளையே எட்டாம் வாரத்திலிருந்து கதையாக்கலாம். தலைவர் திரையில் உடனே பதில் சொன்னாரே, அது பூமியிலிருந்து வந்த படமே இல்லை. யாரோ உள்ளூரில் தயாரித்தது. கல்லுடம்பன் மண்டப வாசலில் கைமுட்டியைக் காட்டியது 100 மீற்றர் நிபந்தனையை மீறிய செயல். ஐந்தாம் வாரத்தில் 20 மீற்றர் கோபுரத்திலிருந்து தள்ளப்பட்டு இறந்த தூதரை எடுத்துக்கொள்ளுங்கள். 38 வீத ஈர்ப்பில் அந்த விழுதல் பூமியில் 7.6 மீற்றரிலிருந்து விழுந்ததற்குச் சமம். கால் முறியும், பிழைத்துக்கொள்ள இடமுண்டு. பிணத்தை யாரும் காட்டவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம். விழும் நேரம் பூமியில் 2 வினாடி, அங்கே 3.3 வினாடி, ஏழெட்டுச் சொல் பேசலாம், அவர் பேசிய நாற்பது சொல் மட்டும் அதிகம். வாக்கெடுப்பைப் பதினெட்டாம் வாரத்தில் வைத்து அங்கிருந்து பின்னோக்கி எழுதி வாருங்கள். வாரத்துக்கு ஒரு வாக்கு மட்டும் இடம் மாறட்டும். ஒரு வாரத்தில் ஐந்து பெயருக்கு மேல் வேண்டாம், ஏழு நாள் இடைவெளியில் மறந்துபோகும். முதல் கட்டத்தின் மூலையில் ‘ஆதரவு 20, எதிர்ப்பு 11’ என்று எண்ணிக்கையைப் போட்டால் முன்கதைச் சுருக்கமே தேவைப்படாது.

வரைபவருக்குச் சில. புரொக்சிமா சிறிய சிவப்பு விண்மீன், ஆனால் கோள் மிக அருகே இருப்பதால் வானத்தில் நம் சூரியனைப் போல் மூன்று மடங்கு அகலமாகத் தெரியும். செவ்வாயளவு கோளில், இருள் எல்லையிலிருந்து பகல்பக்கமாக ஏறத்தாழ 60 கிலோமீற்றர் போனால் அது அடிவானத்திலிருந்து ஒரு பாகை உயரும். தலைநகரை எல்லையிலிருந்து 600 கிலோமீற்றரில் வைத்தால் சூரியன் எப்போதும் 10 பாகையில் நிற்கும். அங்கே நிழல் பொருளின் உயரத்தைப் போல் 5.7 மடங்கு: 1.7 மீற்றர் ஆளுக்குக் கிட்டத்தட்ட 10 மீற்றர், 6 மீற்றர் தூணுக்கு 34 மீற்றர். மூன்றாம் வாரத்தில் தூண் மறைவில் நிற்கும் ஒற்றனுக்குக் காலடியில் வட்ட நிழல் போட்டிருக்கிறீர்கள். அந்த நகரத்தில் தூணைவிட்டு ஓரடி விலகி ஒட்டுக்கேட்டாலும் பத்து மீற்றர் நிழல் காட்டிக்கொடுக்கும். காற்று தரையோடு குளிர்ந்த இருள்பக்கத்திலிருந்து வெப்பமான பகல்பக்கம் நோக்கி வீசும். ஆகவே நிழல் சூரியனுக்கு எதிர்ப்புறமும், அங்கியும் கொடியும் புகையும் சூரியனை நோக்கியும் போக வேண்டும். மை போடுமுன் ஒவ்வொரு கட்டத்திலும் இந்த ஒன்றைச் சரிபார்த்தால் போதும். நிலத்துக்கு மாதிரி தேடி வெளிநாட்டுப் படங்களைப் பார்க்க வேண்டாம். ஹோட்டன் சமவெளியின் முறுகிய மரங்களும் அங்கே மூடுபனியில் பாதி மறைந்த ‘உலக முடிவு’ மலைவிளிம்பும் பஸ் தூரத்தில் இருக்கின்றன.

பலூனில் 12 சொல், கட்டத்தில் 25 சொல் என்று எல்லை வையுங்கள். ‘கூட்டமைப்பினருக்கெதிரான’ என்ற ஒரு சொல்லே பலூனின் அகலத்தைத் தீர்மானித்துவிடுகிறது. பாத்திரங்களை முகத்தால் பிரிக்காமல் உருவக்கோட்டால் பிரியுங்கள். செய்தித்தாளில் முகம் கலங்கும், தோள் கலங்காது.

கடைசியாக அச்சு. இருள்பக்கக் காட்சிகளை நான்கு நிறமும் ஏற்றிக் கனத்த கறுப்பாக நிரப்புகிறீர்கள். செய்தித்தாள் காகிதம் நான்கு நிறமும் சேர்த்து 240 வீதத்துக்கு மேல் மை தாங்காது. காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும், பின்பக்கத்தில் ஊறித் தெரியும். போன வாரம் பின்பக்கத்து இராசிபலனில் கும்பத்துக்கும் மீனத்துக்கும் முழுக் கிரகணம். இருளைக் கோடுகளால் நெய்யுங்கள். அச்சளவைப் போல் ஒன்றரை மடங்கில் பிரிஸ்டல் போட்டில் வரைந்தால், 0.5 மில்லிமீற்றர் பேனாக் கோடு சுருங்கி 0.33 மில்லிமீற்றராக நிற்கும், 0.1 பேனாவால் போட்டவை மறைந்துபோகும். கோட்டோவியத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளிச் செறிவில் ஸ்கேன் செய்யுங்கள், சாம்பல் தொனிக்கு 200 போதும். எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு நிறத்தில் போட்டால் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் இரட்டையாகத் தெரியும். எழுத்தளவு 9 புள்ளிக்குக் கீழே போனால் ‘ணை’யின் சுழிகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் அடைபட்டுவிடும். கறுப்பில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் 11 புள்ளி, தடித்தது. மழைக்காலத்தில் இந்தியன் மை காய்வதற்குள் அழிறப்பரை எடுத்தால் கோடு சாம்பலாகும், இரவு முழுக்க விடுங்கள்.

அடுத்த வாரமே கால் பக்கத்தில் கோளின் வரைபடம் ஒன்று போடுங்கள்: நடுவில் அந்திப்பட்டி, 60 கிலோமீற்றருக்கு ஒரு கோடு, தலைநகர், பனிக்கட்டிக் குவாரிகள், அன்டெனா நிலையம், ஒவ்வொரு பக்கத்துக்கும் அதன் ஆசன எண்ணிக்கை. நிறம் போடாமல் வெறும் கோட்டில் தந்தால் பிள்ளைகள் போட்டோ கொப்பி எடுத்து வாராவாரம் வாக்குகளை அடித்துத் திருத்திக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
படக்கதை வாசகர்கள் சிலர்,
ஹட்டன் – கொட்டகலை.